வண்டியில் வேலை இருக்கு!

பழைய கார் வாங்குகிறவர், பழுதுக்கு விலை போடுவது எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரமும் அதன் கணக்கும்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. அம்பத்தூரில் ஒரு குறுக்குத் தெரு. வாசலில் அந்த வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நிற்கிறது. டயருக்குக்கூட கறுப்பு பாலிஷ் போட்டிருக்கிறார்கள். டேஷ்போர்டில் பிள்ளையார், பக்கத்தில் புதிதாகத் திறந்த வாசனை டப்பா. என் தங்கை கணவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். முகத்தில் அப்போதே ஆசை தெரிந்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் சுற்றவில்லை. நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சார், வண்டி சூடா இருக்கே. காலையில எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?”

“இல்லைங்க. நீங்க வர்றீங்கன்னு சும்மா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்.”

“பரவாயில்ல சார். நாங்க போய் டிபன் சாப்பிட்டு வந்துடறோம். அதுவரைக்கும் ஆறட்டும்.”

வர ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து முனகியது. மூன்றாவது முறைதான் என்ஜின் பிடித்தது. பின்னால் புகை இல்லை, தட்டும் சத்தமும் இல்லை. பேட்டரி மட்டும் சாகும் நிலையில் இருந்தது. அந்த மனிதர் காலையில் மறைக்கப் பார்த்தது ஐயாயிரம் ரூபாய் பேட்டரியைத்தான். ஆனால் அந்தச் சூட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் என்ஜின் வேலையும் மறைந்திருக்கலாம். ஆறிய என்ஜினை முதல்முறை உசுப்பும்போதுதான் நீலப் புகையும், டைமிங் செயின் சலசலப்பும், ஸ்டார்ட் ஆகாத அடமும் வெளியே வரும். சூடான என்ஜின் இவற்றில் பாதியை மூடிவிடும்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, பட்டறைக்குக் கொண்டுபோய் ஜாக்கியில் தூக்கிப் பார்த்த பிறகு அண்ணன் சொன்னார்: “வண்டி நல்ல வண்டிதான் தம்பி. ஆனா வேலை இருக்கு.”

பழைய கார் பார்க்கப் போன எல்லோரும் கேட்டிருக்கும் சொல் இது. என்ன வேலை, அதற்கு எவ்வளவு, அதில் எவ்வளவை விலையில் கழிக்கச் சொல்லலாம் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல்தான் பெரும்பாலானவர்கள் பேரத்துக்கு உட்காருகிறோம். அதனால்தான் “ஒரு இருபது கொறச்சுக்கோங்க” என்று குத்துமதிப்பாகக் கேட்டுவிட்டு, பத்துக்கு ஒத்துக்கொண்டு, ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வருகிறோம். பில் அடுத்த மாதம் வருகிறது.

புது கார் விலை இறங்கியது. பழைய கார் கணக்கு மாறியது

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் கொண்ட கார்களுக்கு அதுவரை செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதம் வரி. வரிக்கு முந்தைய விலை ஐந்து லட்சம் என்றால் 6,45,000 ரூபாயாக இருந்த கார் 5,90,000 ஆனது. வித்தியாசம் 55,000.

புது விலை இறங்கினால் பழைய விலையும் இறங்கியாக வேண்டும். ஆனால் விற்கிறவர் மனத்தில், தான் அன்று கொடுத்த விலையே நிற்கிறது. “நான் வாங்கும்போது ஆறரை சார்” என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் இன்று அதே கார் புதிதாக என்ன விலை என்பதுதான் நம் தொடக்கப் புள்ளி. நல்ல நிலையில் உள்ள அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய நாலைந்து கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அந்த விலையிலிருந்துதான் பழுதைக் கழிக்க வேண்டும், விற்பவர் வாயில் வரும் விலையிலிருந்து அல்ல. பதினைந்தாயிரம் ஏற்றிச் சொல்லிவிட்டு, “கிளட்ச்சுக்காகப் பதினைந்தாயிரம் குறைத்தேன்” என்று இறங்கி வருவது பழைய வித்தை.

வேலையில் மூன்று ரகம்

மெக்கானிக் கொடுக்கும் பட்டியலை அப்படியே விற்பவர் முன் நீட்டினால் பேரம் சண்டையாகிவிடும். முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

முதல் ரகம் தேய்மானம். டயர், பேட்டரி, பிரேக் பேட், வைப்பர். ஆறு வருடம் ஓடிய கார் என்றால் இவை பாதி தேய்ந்துதான் இருக்கும் என்பது சந்தை விலையிலேயே அடங்கியிருக்கிறது. அதனால் நாலு புது டயரின் முழு விலையையும் விற்பவர் தலையில் கட்டக் கூடாது. முழுக்கத் தீர்ந்திருந்தால் பாதியைக் கேட்கலாம். பாதி தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது ரகம் தள்ளிப்போட்ட வேலை. வழுக்கும் கிளட்ச், பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்னும் லோயர் ஆர்ம் புஷ், குளிராத ஏ.சி., கசியும் ரேக், கிலோமீட்டர் தாண்டியும் மாற்றாத டைமிங் பெல்ட். விற்பவர் தன் காலத்தில் செய்திருக்க வேண்டிய செலவு இது. விற்கப் போகிறோமே, எதற்கு என்று விட்டிருப்பார். இதை முழுதாகக் கழிக்கக் கேட்பதில் தவறே இல்லை. அதிலும் டைமிங் பெல்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். எல்லா என்ஜினிலும் பெல்ட் கிடையாது, பலவற்றில் செயின்தான். பெல்ட் உள்ள என்ஜினில் அது ஓடும்போது அறுந்தால், பெரும்பாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது என்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். மாற்றியதற்கு பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

மூன்றாவது ரகம் விலையே போட முடியாத பழுது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

பம்பர் கீறல், கதவில் சின்ன நசுங்கல், இருக்கை உறை இவையெல்லாம் எந்த ரகத்திலும் சேராது. கண்ணில் முதலில் படுவது இவைதான் என்பதால் பேரத்தில் பாதி நேரத்தை இவற்றுக்கே செலவழிக்கிறோம். விற்பவருக்கும் இது வசதி. கீறலுக்கு இரண்டாயிரம் குறைத்துவிட்டு, கிளட்ச் பேச்சை எடுக்கவிடாமலே கை குலுக்கிவிடலாம்.

> பெட்டி: பத்து நிமிடத்தில் நீங்களே பார்க்கக் கூடியவை
>
> டயர் பிறந்த தேதி: டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-வது வாரம். நாலு டயரும் ஒரே காலத்தவையா என்று பாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. ஒரு டயர் மட்டும் ஓரமாகத் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனில் வேலை இருக்கலாம்.
>
> ஆயில் மூடி: உள்பக்கம் மோர் போல வெள்ளைப் பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.
>
> புகை: நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளை வந்தால் கூலண்ட் எரிகிறது.
>
> ஏர்பேக் விளக்கு: சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும் பழுது, எரியவே இல்லை என்றாலும் பழுது.
>
> மிதி ரப்பர்: மீட்டரில் 30,000 கி.மீ., கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அன்று காலையில்தான் பழுதுக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் என்றால் அதுவும் தெரிந்துவிடும். அழித்தவுடன் காரின் கணினி தன்னைத் தானே சோதிக்கும் வேலையைப் புதிதாகத் தொடங்கும். அந்தச் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று திரையில் காட்டும்.

ஒரு தாளில் போட்ட கணக்கு

அம்பத்தூர் காருக்கு வருவோம். கேட்ட விலை 3,95,000. நல்ல நிலையில் உள்ள அதே வருடக் கார்கள் 3,80,000 அளவில் போவதைப் பார்த்து வைத்திருந்தோம். அண்ணன் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். நாலு டயர் 18,000. கிளட்ச் செட் கூலியோடு 11,000. முன்பக்க சஸ்பென்ஷன் 6,500. பேட்டரி 5,000. ஏ.சி. கூலிங் காயில் 9,000. மொத்தம் 49,500.

இதில் கேட்கத் தகுந்தது எவ்வளவு? டயரில் பாதி 9,000, பேட்டரியில் பாதி 2,500. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. மூன்றும் முழுதாக 26,500. ஆக 38,000. அந்தத் தாளையே விற்பவரிடம் கொடுத்தோம். எதைப் பாதியாகப் போட்டிருக்கிறோம், ஏன் என்றும் சொன்னோம்.

அந்த மனிதரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். காலையில் பானெட் சூட்டில் தொடங்கிய சங்கடம் அப்போதுதான் கரைந்தது. குறை சொல்ல வந்தவர்கள் என்று நினைத்திருந்தவர், கணக்குப் போட வந்தவர்கள் என்று புரிந்துகொண்டார். ஏ.சி.யைப் பற்றி மட்டும் வாதாடினார். கேஸ் நிரப்பினால் போதும் என்றார். கேஸ் எங்கே போனது என்று அண்ணன் கேட்டார். 3,50,000-க்கு முடிந்தது. கணக்குப்படி 3,42,000-க்கு வந்திருக்க வேண்டும். எட்டாயிரத்தை விட்டோம். ஒரே உரிமையாளர். ஆறு வருட சர்வீஸ் பில்களும் கோப்பில் வரிசையாக இருந்தன. அதற்கு அந்த எட்டாயிரம் தகும் என்பது என் கருத்து.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிளட்ச்சைப் பிரித்தபோது ஃபிளைவீலிலும் வரிக் கோடுகள் விழுந்திருந்தன. லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய இன்னும் சில ஆயிரம் ஆயிற்று. “பிரிச்சாத்தான் தெரியும்” என்று மெக்கானிக்குகள் சொல்வது தப்பித்துக்கொள்ள அல்ல. நிஜமாகவே பிரித்தால்தான் தெரியும். அவர்கள் சொல்லும் தொகையோடு கால் பங்கு சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடனில் வாங்குகிறவர் கவனிக்க

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

விலையில் 80 சதவீதம் கடன், 14 சதவீத வட்டி, நாலு வருடம் என்று வைத்துக்கொள்வோம். 3,80,000-க்கு வாங்கினால் கையிலிருந்து 76,000, கடன் 3,04,000. பேசிக் குறைத்து 3,50,000-க்கு வாங்கினால் கையிலிருந்து 70,000, கடன் 2,80,000. அதாவது 30,000 ரூபாய் குறைத்ததில் அன்று நம் சட்டைப் பையில் மிஞ்சுவது 6,000 மட்டும். மீதி 24,000, மாதத் தவணையில் சுமார் 656 ரூபாயாகக் கரைந்து நாலு வருடத்துக்குப் பரவிவிடுகிறது.

ஆனால் கிளட்ச் செட்டுக்கு யாரும் நாலு வருடத் தவணை தரமாட்டார்கள். 49,500 ரூபாயும் முதல் மாதமே ரொக்கமாக வேண்டும். 70,000 வைத்திருந்தால் போதும் என்று கிளம்பியவருக்கு உண்மையில் தேவை 1,19,500. இதோடு பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸும் வேறு. இந்தப் பணம் இல்லாதபோது என்ன நடக்கிறது? முதலில் ஏ.சி.யைத் தள்ளிப்போடுகிறோம். பிறகு சஸ்பென்ஷன். கடைசியில் டயர். தேய்ந்த டயரோடு மழைக்காலத்தில் நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறோம். பேரத்தில் தப்பிய பழுது சாலையில் வந்து நிற்கிறது.

ஆகவே, “வேலை” அதிகம் உள்ள மலிவான கார், ரொக்கம் வைத்திருப்பவருக்கு லாபமாக இருக்கலாம். கையில் முன்பணம் மட்டுமே வைத்துக்கொண்டு கடனில் வாங்குபவருக்கு, முப்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் வேலை இல்லாத கார்தான் மலிவு. இதைத்தான் கார் வாங்கப் போகும் எல்லா நண்பர்களிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

“நானே சரி பண்ணித் தர்றேன்”

விலை குறைக்க மனமில்லாத விற்பனையாளர் இப்படிச் சொல்வது வழக்கம். இயந்திர வேலைக்கு இதை ஒத்துக்கொள்ள வேண்டாம். விற்றுவிடப் போகும் காருக்கு யாரும் நல்ல பாகம் போடமாட்டார்கள். அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது, மனித இயல்பு அது. பழைய பிளேட்டைத் தேய்த்துப் போட்டாலும் மூன்று மாதம் ஓடும். விலையைக் குறைத்து வாங்கி, நம் பட்டறையில், நம் கண் முன்னால், பில்லோடு செய்துகொள்வதே சரி.

காகிதத்தில் உள்ள பழுதுக்கு இது நேர்மாறு. கடன் முடிந்தும் ஆர்.சி.யில் நீக்கப்படாத ஹெச்.பி. (கடன் பதிவு), கட்டாத சலான், முடிந்துபோன எஃப்.சி. (தகுதிச் சான்று), வேறு மாவட்டமோ மாநிலமோ என்றால் என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று. இவற்றுக்கு ஐயாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் தலையாட்டாதீர்கள். விற்பவரே செய்து முடித்து, அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம் கண்ணால் பார்த்த பிறகுதான் முழுப் பணம். அவருடைய வங்கிக் கடன் பதிவை நாம் போய் நீக்க முடியாது.

கார் பதினைந்து வயதை நெருங்கினால் பழுதுக் கணக்கோடு பதிவுப் புதுப்பிப்பையும் சேர்க்க வேண்டும். கட்டணமே 5,000 ரூபாய். இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. கட்டணத்தைவிட, ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் காரைத் தயார் செய்யும் டிங்கரிங், பெயிண்டிங் செலவுதான் பெரிது. “எஃப்.சி. அடுத்த வருஷம்தான் சார்” என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் செலவு நமக்காகக் காத்திருக்கிறது.

எந்த விலைக்கும் வேண்டாதவை

விலையே போட முடியாத அந்த மூன்றாவது ரகத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னை மறக்கவில்லை. அப்போது முங்கிய கார்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. காய வைத்து, மெத்தை மாற்றி, வாசனை அடித்து மறுபடி சாலைக்கு வந்தவை உண்டு. தண்ணீரில் நின்ற காரின் பழுதுக்கு எந்த மெக்கானிக்கும் விலை சொல்ல முடியாது. இன்று எல்லாம் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து வயர் இணைப்புகளில் பச்சைப் பாசி போல உப்புப் பூக்கும். முதலில் பவர் விண்டோ, பிறகு ஏ.பி.எஸ்., பிறகு ஒருநாள் என்ஜின் கணினி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம் வரும். ஒரு லட்சம் குறைத்தாலும் அந்தக் கணக்கு முடியாது.

சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா? ஸ்டெப்னி குழியில், சீட் தண்டவாளத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள திருகுகளில் துரு இருக்கிறதா? தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாசனை டப்பா அளவுக்கு மீறி மணத்தால் அதுவே ஒரு கேள்விதான்.

பெரிய விபத்தில் சேசிஸோ பில்லரோ அடிபட்டு ஒட்டுப் போட்ட கார், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை மட்டும் போட்ட கார் இரண்டையும் இதே வரிசையில் வைக்கிறேன். அடுத்த விபத்தில் அந்த கார் எப்படி மடங்கும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகளை ஏற்றும் காரில் தள்ளுபடிக்கு இடமில்லை. பானெட்டுக்குள் உள்ள வெல்டிங் புள்ளிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, கண்ணாடிகளில் பொறித்த வருடமும் கம்பெனியும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய வேலைப் பதிவுகளை உரிமையாளரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்றால் ஏன் என்று கேளுங்கள். 50 சதவீதம் என்றிருந்தால் நல்ல அறிகுறிதான். ஆனால் அந்த போனஸ் ஆளோடு சேர்ந்தது, வண்டியோடு அல்ல. அவருடைய முந்தைய காரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

பாகம் எங்கே கிடைக்கும்?

பழுதின் விலை என்பது பாகத்தின் விலை மட்டும் அல்ல, பாகம் வர எத்தனை நாள் என்பதும்தான். மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. செவர்லே 2017 முடிவில் விற்பனையை நிறுத்தியது. ஒரகடத்தில் தயாரான டாட்சன் 2022-ல் முடிந்தது. இந்தப் பெயர் கொண்ட கார்கள் பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஓட்ட அருமையான கார்களும் இவற்றில் உண்டு. ஆயில் ஃபில்டரும் பிரேக் பேடும் எளிதாகக் கிடைத்துவிடும். ஹெட்லைட், கதவு, கணினிப் பெட்டி வேண்டும் என்றால்தான் தேட வேண்டியிருக்கும். வாங்கும் முன் இரண்டு விலை உயர்ந்த பாகங்களைக் குறித்துக்கொண்டு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். புது பாகம் இல்லை என்றால் புதுப்பேட்டை. கண்ணாடி, விளக்கு, கதவு போன்றவற்றை அங்கே தைரியமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அந்த மாடலை அறிந்த ஆளிடம் மட்டும் காட்டுங்கள். சில வகை கியர்பாக்ஸ் வேலை லட்சத்தைத் தாண்டும். பேட்டரி காருக்கு உத்தரவாதத்தில் எத்தனை வருடம் மீதி, அது இரண்டாவது உரிமையாளருக்குச் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை இல்லாமல் அந்தப் பேரமே வேண்டாம்.

பழைய பெட்ரோல் கார்களுக்கு எத்தனால் கலந்த ஈ-20 எரிபொருள் என்னும் புதுக் கவலையும் சேர்ந்திருக்கிறது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. செலவு சிறியதுதான். 2023-க்கு முந்தைய கார் என்றால் எரிபொருள் குழாய்களை மெக்கானிக் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

> பெட்டி: வாங்கிய பிறகு கெட்டுப்போனால்?
>
> தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். அவர் வியாபாரி அல்ல. கடையிலோ நிறுவனத்திலோ வாங்கியிருந்து, உண்மையை மறைத்தார்கள் என்று காட்ட முடிந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே விசாரிப்பார்கள்.
>
> பழைய வாகன வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். வியாபாரி தன் லாபத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். தனிநபர் தன் காரை விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை.
>
> இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் வருவது சிக்கலாகும்.

விற்பவரின் நியாயம்

1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் அதை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது நம் பேட்டை புரோக்கருக்கும் தெரிந்த விஷயம். விற்பவருக்குத் தன் கார் எப்படிப்பட்டது என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலையே சொல்வார். நன்றாகப் பராமரித்தவருக்கு அது கட்டாது. அவர் விற்காமல் விலகிவிடுவார். சந்தையில் மட்டமானவை மிஞ்சும்.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. எல்லா பில்லும் வைத்திருந்து, போன மாதம் டயர் மாற்றி, கிளட்ச் மாற்றி விற்க வருபவரிடமும் “எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்று இருபதாயிரம் குறைத்துக் கேட்கிறோம். இல்லாத பழுதை இருப்பதாகச் சொல்லும்படி மெக்கானிக்கைக் கண்ணால் சாடை காட்டிப் பேச வைப்பவர்களும் உண்டு. அடுத்த முறை அந்த மனிதர் டயர் மாற்றாமல்தான் விற்பார். வேலை இல்லாத காருக்கு முழு விலை கொடுக்கத் தயங்குகிறவருக்கு வேலை இருக்கும் கார்தான் அமையும்.

விற்பவருக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு மட்டும் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதா என்று பார்க்காமல் விட்டால், அந்த கார் நாளை யாரையாவது இடித்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் அதற்குள் பல கைகள் மாறியிருந்தது. அம்பத்தூர்க்காரர் ஆர்.சி. மாறிய செய்தி போனில் வரும்வரை வாரம் ஒருமுறை எங்களுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். அவர் செய்தது சரி.

தங்கை குடும்பம் போன மாதம் அந்த வெள்ளைக் காரில் திருவண்ணாமலை போய் வந்தது. புது டயர், புது கிளட்ச், ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்குச் சற்றே மேல் ஆகியிருக்கிறது. காரின் உண்மையான விலை அதுதான்.

நீங்கள் இந்த வாரம் கார் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். முந்தின நாள் இரவே விற்பவருக்குப் போன் செய்து, “நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள்.